பூச்சாண்டியைப் பார்த்த சாட்சி

பொழிச்சலூர்
4.8.2025

அன்புள்ள நித்யஸ்ரீக்கு, உன் மாமா தசரதன் ஆசீர்வாதம்.

நடந்தது அத்தனையும் நான் முன்னாடியே சொன்னதுதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். ஏர்போர்ட் சுவருக்கு இந்தப் பக்கம் இவ்வளவு அடுக்குமாடி வந்தால் இவ்வளவு குழந்தைகள் வரும், இவ்வளவு குழந்தைகள் வந்தால் பின்னாலேயே பிள்ளை பிடிக்கிறவனும் வருவான் என்று பால் பூத் வாசலில் நின்று சொன்னேனா இல்லையா? நீ என் நம்பரை பிளாக் செய்யப்போகிறாய் என்பதைக்கூட உன் அத்தை தையல்நாயகியிடம் சொல்லிவிட்டேன். அவள்தான் நம்பவில்லை. போனை பிளாக் செய்யலாம், தபால்காரரை என்ன செய்வாய்? அதனால்தான் உன் காலேஜ் ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எட்டாம் வகுப்பை மற்றவர்கள் ஒரு தடவை படித்தார்கள், நான் மூன்று தடவை படித்தவன்.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக ஒரு எச்சரிக்கை வாய்ஸ் மெசேஜ் பம்மல், அனகாபுத்தூர் பக்கமெல்லாம் சுற்றியது. ஒற்றைக் கண் வெள்ளையாக ஒருத்தன், தோளில் மூட்டையோடு ஏரிக்கரைப் பக்கம் திரிகிறான் என்று. நீயும் கேட்டிருப்பாய். போன வியாழக்கிழமை சாயங்காலம் அதே மாதிரி ஒருத்தன் நம் தெருவுக்குள் வந்தான். அதே கண், அதே மூட்டை. பசங்கள் விடுவார்களா? மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் கூட்டம் தானாக விலகி வழி விட்டது. "அண்ணாத்த வந்துட்டாரு, அவராண்ட கேளுங்கடா. அண்ணாத்த, வாய்ஸ்ல வந்தவன் இவன்தானே, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்கள். நான் நிதானமாக அவன் முகத்தைப் பார்த்தேன். "இவனேதான். முந்தாநாள் ஏரிக்கரையில் ஒரு குழந்தைக்குச் சாக்லேட் காட்டிக் கூப்பிட்டதை என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத முடியாது. ஆயிரம் பேர் இருப்பார்கள். மேலே போன ஃப்ளைட்டே கொஞ்சம் தாழ்ந்து பறந்த மாதிரி இருந்தது. போலீஸ் வந்து நேரே என்னிடம்தான் வாக்குமூலம் வாங்கியது. டிவியில் என் தோள் வரைக்கும் தெரிந்தது. மறுநாள் டீக்கடைப் போஸ்டரில் "பொழிச்சலூரில் சிக்கிய மனித மிருகம்" என்று கொட்டை எழுத்து. சிக்கவைத்தவன் உன் மாமா.

இப்போதாவது பிளாக்கை எடு.

தசரதன்


காட்டாங்குளத்தூர்
8.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிளாக்கை எடுக்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

என்னோடு இங்கே அறையில் தங்கியிருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வெண்ணிலா, காலேஜ் நூலகத்தில் வேலை. பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்து அத்தை செய்த வடையை நாலு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளே, அவள். நீங்கள் கம்பத்தில் பார்த்த மனிதர் ஏசுபாதம் அவளுடைய அப்பா.

அவர் பம்மல் பட்டறைகளில் மிஞ்சும் தோல் துண்டுகளைப் பொறுக்கிச் செருப்பு தைக்கிறவர்களுக்குக் கொடுப்பவர். மூட்டையில் இருந்தது அதுதான். போலீசார் கொட்டிப் பார்த்தபோது வார் வெட்டிய துண்டுகள்தான் விழுந்தன. அந்தக் கண், வாலிபத்தில் தோல் ஊறப்போடும் தொட்டியிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்துப் போனது. இப்போது விலா எலும்பு முறிந்திருக்கிறது, ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜாமீன் கேட்டதற்கு, நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்தச் சாட்சி நீங்கள் என்பது வெண்ணிலாவுக்குத் தெரியாது. "யாரோ தெருப் பெரியவர்" என்றுதான் வக்கீல் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

இனிமேல் எழுதப்போவது உங்களுக்கும் எனக்கும் மட்டும். அந்த வாய்ஸ் மெசேஜை அவள் தினமும் கேட்கிறாள். பேசியவன் யார் என்று கண்டுபிடிக்க. இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். எனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டினாள். முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது மாமா. அந்தக் கரகரப்புக் குரலில் பூச்சாண்டி சொல்லித்தானே எனக்கும் சோறு ஊட்டினீர்கள். முடிவில் வருகிற இருமலைக்கூட நீங்கள் மறைக்கவில்லை. "தெரியலையே" என்று அவளிடம் சொன்னேன். நீங்கள் போன் செய்தால் இந்தச் சின்ன அறையில் உங்கள் குரல் கேட்கும். அதனால்தான் பிளாக்.

ஒரே ஒரு கேள்வி. சாக்லேட் கொடுத்ததைப் பார்த்தீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள்.

நித்யஸ்ரீ


பொழிச்சலூர்
12.8.2025

நித்யா, என் ராட்சசி,

உன் கடிதத்தைப் படித்ததும் அத்தை மிக்சியை நிறுத்திவிட்டு வந்து என்னையே பார்த்தாள். வடை கேட்டு வாங்கிய பெண்ணா என்று கேட்டாள். எனக்கு ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருக்கும், மெஷின் நூற்று நாற்பதுதான் காட்டியது, மெஷின் பழசு.

ஆமாம் இல்லை என்று நீ கேட்பது ஸ்கூல் பரீட்சை மாதிரி இருக்கிறது. வாழ்க்கையில் அப்படி இருக்காது. அன்றைக்கு ஏரிக்கரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தன் ஒரு குழந்தையிடம் கடலை மிட்டாயை நீட்டினான். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியானமா சாயங்காலமா என்பதுதான் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. வெயில் என்று நினைக்கிறேன்.

போஸ்டரில் மிருகம் என்று போட்டதற்கு நீ ரொம்பப் பயப்படுகிறாய் என்று தோன்றுகிறது. ராட்சசன், பூதம், மிருகம் எல்லாம் நம் வாயில் சும்மா வந்து போகிறவை. நீ பிறந்து மூன்றாம் நாள் என் விரலைப் பிடித்துக் கடித்தாய், அன்றிலிருந்து உனக்கு ராட்சசி என்று பேர் வைத்தவன் நான். பல் இல்லாமல் எப்படிக் கடித்தாள் என்று கேட்காதே, கடித்தாய். மேம்பாலம் கட்டும்போது வந்தது ராட்சத கிரேன். குரோம்பேட்டை பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம், அதில் வரிசையில் நின்று காசு கொடுத்து ஏறுகிறோம். யாராவது வீடு கட்டினால் முதல் மாடி எழும்பும்போதே நாக்கைத் தொங்கப்போட்ட பூத முகத்தை வாசலில் மாட்டுகிறோம். எதற்கு? அது நம்மைத் தின்னவா? கண்படாமல் காப்பாற்ற. உன் அத்தை சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பூதம் என்றுதான் கூப்பிடுவாள், நானும் சந்தோஷமாகப் போய் உட்காருவேன். உங்கள் காலேஜ் பசங்கள் ஷேர் ஆட்டோவில் ஒருத்தனை ஒருத்தன் புகழ்ந்தால், "மச்சான், அவன் மான்ஸ்டர்டா" என்கிறார்கள். இதற்கெல்லாம் யாராவது கோர்ட்டுக்குப் போனார்களா?

அந்தப் பெண்ணின் அப்பா நல்லவராக இருந்தால் கோர்ட் விட்டுவிடும். நம் கோர்ட்டைப் பற்றி எனக்குத் தெரியும், என் நிலக் கேஸில் ஜட்ஜே என்னைப் பாராட்டினார்.

வாய்ஸ் மெசேஜ் என்னுடையது இல்லை. அந்த மாதிரி குரல் நிறைய பேருக்கு உண்டு.

மாமா


காட்டாங்குளத்தூர்
16.8.2025

மாமா,

முதல் கடிதத்தில் சாக்லேட். இரண்டாவதில் கடலை மிட்டாய். முதலில் "இவனேதான்", இப்போது "சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தன்". ஏசுபாதத்திடம் சிவப்புச் சட்டையே இல்லை, வெண்ணிலாவிடம் வேறு ஏதோ பேசுவதுபோலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டு முடித்ததும், எதற்குக் கேட்டேன் என்று அவள் யோசித்துவிடுவாளோ என்று பேச்சை மாற்றினேன். நான் அவளிடமிருந்து மறைக்கிற ஒவ்வொரு நாளும் அவளுடைய அப்பா உள்ளே இருக்கிற நாள். அவள் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். அந்தத் தண்ணீரை எப்படிக் குடிப்பது?

வாய்ஸ் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தால்தானே நீங்கள் மறுக்க வேண்டும். உங்கள் தெரு சுபத்ரா அக்காவுக்குப் போன் செய்தேன். அழுதுவிட்டார். அவருடைய பையன் சாப்பிட அடம்பிடித்தான். "தசரதண்ணா, ஒரு பூச்சாண்டி வாய்ஸ் அனுப்புங்களேன்" என்று கேட்டிருக்கிறார். உங்கள் பகுதி அம்மாக்கள் எல்லோரும் உங்களிடம் அப்படிக் கேட்பது எனக்கும் தெரியும். நீங்கள் வழக்கம்போல மூன்று துண்டாக அனுப்பியிருக்கிறீர்கள். முதல் துண்டு: "டேய் கண்ணு, துன்னியா இல்லியா? துன்னாத புள்ளைங்களுக்கு ஒரு சேதி கீது." மூன்றாவது: "ஒரு பருக்கை மிச்சம் இல்லாம துன்னுட்டு அம்மாவாண்ட தட்டைக் காட்டு." நடுவில்தான் அது: "ஏரிக்கரையாண்ட ஒர்த்தன் வந்துகினு கீறான். தோள்ல மூட்டை. ஒரு கண்ணு வெள்ளை. புள்ளைங்களை மூட்டைக்குள்ள போட்டுக்குவான், உஷாரு." சுபத்ரா அக்கா வேடிக்கைக்காகத் தன் தங்கைக்கு அந்த நடுத்துண்டை மட்டும் அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து முன்னும் பின்னும் இல்லாமல் அது ஊரைச் சுற்றியிருக்கிறது. சோறு ஊட்டச் சொன்ன கதை என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கம்பத்தடியில் உங்களைக் கேட்டார்கள். அந்த வாய்ஸ் என்னுடையது, அது பூச்சாண்டிக் கதை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கட்டை அவிழ்த்திருப்பார்கள்.

ராட்சசி, ராட்சத ராட்டினம் எல்லாம் எழுதியிருந்தீர்கள். சரிதான். நீங்கள் என்னை ராட்சசி என்று கூப்பிட்டால் நான் ஓடி வருவேன், ஏனென்றால் என்னைத் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறீர்கள். அவரைத் தெரியாமல் கூப்பிட்டீர்கள். போஸ்டரில் வந்த அந்த வார்த்தையைப் பம்மலில் அவர் வீட்டுக் கதவில் யாரோ கரியால் எழுதிவிட்டார்கள். வெண்ணிலா தேய்த்துவிட்டு வந்தாள். நகத்துக்குள் கரி இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி ஜாமீன் மனு வருகிறது. அதற்குள் நீங்கள் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நித்யஸ்ரீ


பொழிச்சலூர்
20.8.2025

அம்மாடி நித்யா,

ரெண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அத்தை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். பூதம் என்றுகூடக் கூப்பிடவில்லை.

நான் பார்க்கவில்லை.

எழுதிவிட்டேன். சாக்லேட்டும் இல்லை, கடலை மிட்டாயும் இல்லை. ஏரிக்கரைக்கு நான் போயே பல மாதம் ஆகிறது, முட்டி வலி. சுபத்ரா வாய்ஸ் கேட்ட அன்று நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அந்த மனிதர் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார், ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். என் கதைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, கண்ணில் பட்டவரை எடுத்துப் போட்டேன். வழக்கமாக மூன்று தலை, பனைமர உயரம் என்று சொல்லுவேன். அன்றைக்கென்று இருக்கிறதை இருக்கிறபடியே சொன்னேன். நான் சொன்ன பூச்சாண்டிகளிலேயே பொய் கலக்காத பூச்சாண்டி அவர்தான், அதுதான் வினையாகப் போயிற்று.

கம்பத்தடியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அந்த வாய்ஸ் என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லோரும் அமைதியாகி என்னையே பார்த்தார்கள். அத்தனை பேர் நான் பேசுவதற்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை, நித்யா. வாயில் வேறு வந்துவிட்டது.

இப்போது போய் மாற்றிச் சொல்லுவது நீ நினைக்கிற மாதிரி இல்லை. தெருமுனையில் பசங்கள் நிற்கிறார்கள். சுபத்ரா அழுததிலிருந்து ஏதோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள். நேற்று ஒருத்தன் என் வண்டிச் சாவியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா பெர்சு, உன் பேச்சைக் கேட்டுத்தான் நாங்க கைய வெச்சோம். இப்போ நீ பல்டி அடிச்சேன்னா உள்ள போறது யாரு? நாங்களா, நீயா?" என்றான். நான் தூக்கி வளர்த்த பையன். அவனைத் திட்டி விரட்டினேன் என்று எழுத ஆசைதான். நின்றுகொண்டிருந்தேன். அவனாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

போலீசிடம் பொய் சொன்னதாக என் மேல் கேஸ் வரும் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அறுபத்தோரு வயதில் ஜெயிலில் முட்டியை மடக்கி எப்படி உட்காருவேன் என்று யோசிக்கிறேன். அப்புறம், விலா முறிந்த ஆள் அங்கே எப்படி உட்காருகிறார் என்று யோசனை போகிறது. உடனே எழுந்து வாசலுக்கு வருகிறேன். வாசலில் பசங்கள். உள்ளே போகிறேன். உள்ளே அத்தை.

அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லாதே. எனக்கு இரண்டு நாள் கொடு.

தசரதன்


காட்டாங்குளத்தூர்
22.8.2025

மாமா,

சொல்லிவிட்டேன். உங்களுக்கு இரண்டு நாள் கொடுக்க அந்த நாட்கள் என்னுடையவை இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேசியவர் என் மாமா, பார்த்தேன் என்று சொன்னவரும் அவரே, அவர் பார்க்கவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கப்பாவும் எனக்குப் பூச்சாண்டி சொல்லித்தான் ஊட்டுவாரு. எங்க வூட்ல பூச்சாண்டின்னா போலீசு. துன்னலேன்னா போலீசு வந்து இட்டுனு போயிடும்னுவாரு" என்றாள். பிறகு எழுந்து கை கழுவினாள். தன் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். என் கடிகாரம் அவளிடம் இருந்தது, அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தன் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள் போலிருக்கிறது. போன் எடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அவளுடைய வக்கீலிடம் கொடுத்தால் போதுமா என்று விசாரித்தேன். நீங்களே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரில் உள்ள அவருடைய ஆபீஸில் காத்திருப்பேன். நீங்கள் வந்தால் உங்கள் பக்கத்தில் உட்காருவேன். வராவிட்டால் இந்தக் கடிதம்தான் கடைசி.

நித்யஸ்ரீ


பொழிச்சலூர்
3.9.2025

அன்புள்ள நித்யாவுக்கு,

திங்கட்கிழமை நீ என் பக்கத்தில் உட்கார்ந்து என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தது வரைக்கும் உனக்குத் தெரியும். அப்புறம் நீ காலேஜுக்குப் போய்விட்டதால் நடந்ததை எழுதுவது என் கடமை.

மாஜிஸ்திரேட் முன்னால் நின்றேன். "ஐயா, நான் பார்க்கவில்லை, அது குழந்தைக்குச் சோறு ஊட்டச் சொன்ன கதை" என்றேன். மூன்று துண்டையும் சுபத்ரா போனிலிருந்து வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். கோர்ட்டில் என் பூச்சாண்டிக் குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு மோசமான குரலா எனக்கு என்று இருந்தது. உன் அத்தை கடைசி பெஞ்சில் இருந்தாள், புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து, "இதை முதல் நாளே சொல்வதற்கு என்ன?" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி ஏசுபாதத்துக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். கேஸே நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். என் மேல் ஒன்று வரும், தெருப் பசங்கள் மேல் இன்னொன்று. பசங்கள் என் வீட்டு ஜன்னலில் கல் எறிந்தார்கள். ஒரு கண்ணாடிதான் உடைந்தது, நூறு கல் இருக்கும். சரி, இரண்டு கல். பால் பூத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அத்தை மட்டும் பேச ஆரம்பித்திருக்கிறாள், காய்கறி வாங்கி வரச் சொல்லும் அளவுக்கு.

அவர் வெளியே வருகிற அன்று நானும் ஜெயில் வாசலுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, தடுத்திருப்பாய். வெண்ணிலா ஆட்டோ ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். கம்பத்தடியில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். என் தோளுக்குத்தான் இருப்பார். நான் கையைக் கூப்பிக்கொண்டு கிட்டே போய், "நான்தான் தசரதன்" என்றேன். அவர், "வுடுண்ணா, பெத்த புள்ளைங்களுக்குச் சோறு எறங்கறதுக்குச் சொன்னதுதானே" என்றார்.

இதை அத்தையிடமும் சொன்னேன், அவள் அழுதாள். வக்கீலிடம் சொன்னேன். நேற்று காய்கறிக் கடைக்காரரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாக வருகிறது. உனக்கும் அப்படியே எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

மற்றது அத்தனையும் நடந்தது, நித்யா. அவர் அப்படிச் சொன்னது மட்டும் நடக்கவில்லை. நான் பெயரைச் சொன்னதும் அவர் வெண்ணிலாவின் முதுகுக்குப் பின்னால் போய் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பி, கேட்கிற காதுக்குக் குனிந்து, "ஒண்ணும் இல்லப்பா. போயிடுவாரு. இதோ போயிடுவாரு" என்றாள்.

நான் வந்துவிட்டேன்.

மாமா